கோறணமேந்துக் கோழி

நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் தண்ணிக் குழாய் உடைந்து பதினொரு நாள். வழமையாக வந்து திருத்துகிற அண்ணை கட்டாருக்குப் போய்விட்டார். அடுத்தவரைத் தேடிப் பிடித்தால் அவர் விசாவுக்குக் காத்திருக்கிறார், சின்ன வேலைக்கு வரமாட்டாராம். அறையில் நாங்கள் நாலு பேர். எல்லாரும் கலைப்பீடம். ஒருத்தருக்கும் ஒரு வோஷர் மாத்தத் தெரியாது. "இந்தக் காலத்துப் பெடியளுக்குக் கைவேலை எண்டா கேவலம்" என்று வீட்டுக்கார ஐயா சொல்லிவிட்டுப் போனார். வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த "இந்தக் காலத்து" என்பதுதான் இடித்தது.

ஏனென்றால் "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்று சொன்னது நாங்கள் இல்லை, எங்கட பூட்டன்மார். அவர்கள் சும்மா சொல்லவுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. இருக்கிற காணியும் சீதனமாகப் பிரிந்து பிரிந்து பரப்புக் கணக்கில் வந்து நின்றது. மறுபக்கம், 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி முதலான மிஷன் கல்விக்கூடங்களால் ஆங்கிலம் கிடைத்தது. மலாயாவில் ரயில்பாதை போட்ட வெள்ளைக்காரனுக்கு லிகிதரும் ஸ்டேசன் மாஸ்டரும் தேவைப்பட, எங்கட ஆக்கள் கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்தவர்களை ஊர் 'மலாயன் பென்சனியர்' என்றது. அந்தப் பட்டத்தில் இருக்கிற முக்கியமான சொல் மலாயா இல்லை, பென்சன். மழை பெய்யாவிட்டாலும் மாதம் முடிய வருகிற காசு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பேச எங்கட வீடுகளில் கூச்சப்படுவார்கள். தச்சு, கொல்லு, சிகை திருத்தல், சலவை எல்லாம் இங்கே 'தொழில்' ஆக இருக்கவில்லை. பிறப்போடு ஒட்டியிருந்தன. ஆர் எந்தக் கருவியைத் தொடலாம் என்பது சாதிக் கணக்கு. கந்தோர் மேசை ஒருவனுக்கு அந்தக் கணக்கில் இருந்து கொஞ்சமாவது வெளியே வர வழி, இன்னொருவனுக்குத் தன் உயரத்தைக் காப்பாற்ற வழி. இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே மேசையைத்தான் பார்த்தார்கள்.

அரசாங்கங்கள் இதை மாற்றப் பார்க்காமல் இல்லை. 1930களில் கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. விவசாயம், கைத்தொழில், ஊர் வாழ்க்கையோடு சேர்ந்த படிப்பு. எங்கட பிள்ளைகளை மண்வெட்டியோடேயே நிறுத்தப் பார்க்கிறாங்கள் என்ற சந்தேகம் பெற்றோருக்கு. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி அப்படியே இருந்தது அல்லவா, சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பிறகு 1971. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்கள இளைஞர்கள் தெற்கில் கிளர்ந்தார்கள். அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, இளைஞர் எதிர்பார்க்கிற வேலைக்கும் நாட்டில் இருக்கிற வேலைக்கும் பொருத்தமில்லை என்று அறிக்கை எழுதியது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழிலுக்கு முன்னோடியான பாடங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. யோசனையாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். ஒரு கதவைப் பாதி சாத்திக்கொண்டு 'இந்தப் பக்கம் வந்து மரவேலை பழகு' என்றால் தமிழ்ப் பிள்ளை அதை எப்படி விளங்கிக்கொள்ளும்? 1977இல் ஆட்சி மாற, அந்தப் பாடங்களும் போய்விட்டன.

அப்ப எங்கட இளைஞர் கைவேலைக்கே போகவில்லையா? போனார்கள். இதைத்தான் வீட்டுக்கார ஐயாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் 'படித்த வாலிபர் திட்டம்' என்று காட்டுக் காணி கொடுத்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு உத்தியோகம் பார்த்துக் காத்திருந்த பெடியள் மிளகாய்க் கன்று வைத்தார்கள். 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கட்டுப்பாடு வர, விலை ஏறியது. வெயிலில் நின்றவன் கையில் லிகிதரைவிடக் கூடக் காசு புழங்கியது. அந்த நாட்களில் ஒருவரும் 'பெடியளுக்கு மண் எண்டா கேவலம்' என்று சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது. பிறகு யுத்தம். அது வேறு கட்டுரை.

இப்போது நாடு திரும்பவும் அதே பாட்டைப் பாடுகிறது. மேசன் இல்லை, வயரிங் செய்ய ஆள் இல்லை, வெல்டர் இல்லை. நெருக்கடி வந்த 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காகப் பதிந்து வெளிநாடு போனார்கள். இங்கே இருக்கிற எங்களுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் எடுங்கோ என்று அறிவுரை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜெர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில்தான் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும். எந்த வாசலில் நின்று பிள்ளையோடு படம் எடுத்து முகநூலில் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களைப் போன்ற கலைப் பட்டதாரிகள் 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அரச வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததைப் பலர் நக்கலடித்தார்கள். நாங்களும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சிரித்திருக்கிறோம், இப்ப சிரிப்பு வருவதில்லை. அவர்கள் கேட்டது மேசையை மட்டுமில்லை, பூட்டன் கேட்ட அதே பாதுகாப்பை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. ஆனால் இன்று எங்கட ஊரில் நாட்கூலிக்குச் சாரத்தில் ஏறுகிற மேசனில் எத்தனை பேருக்கு அந்தக் காசு கட்டப்படுகிறது? சாரத்தால் விழுந்தால் அவருக்கு இருப்பது மனைவியின் சங்கிலி.

எங்கட அறைத்தோழன் ஒருவனின் தம்பி இந்த வருசம் ஏ.எல். எழுதிவிட்டு பிளம்பிங் படிக்கப் போகிறேன் என்கிறான். நல்ல விசயம் என்று தொலைபேசியில் அவன் அம்மாவுக்கு நாலு பேரும் மாறி மாறி விளக்கினோம். சம்பளம், சான்றிதழ், வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பியவை, அப்ப நீங்கள் ஏன் போகேல்ல?" என்றார்.

தொலைபேசியை ஒருத்தருக்கு ஒருத்தர் நீட்டிக்கொண்டு நின்றோம். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.