ஈரலைக் காத்த மூன்று பொருள்கள்



மருந்துக் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் "ஈரலுக்கு உகந்தது" என்ற குறிப்போடு பலவகை வில்லைகளும் குளிகைகளும் அடுக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். ஒட்சியேற்றத் தடுப்பிகள் என்பது அவற்றுட் பலவற்றுக்குப் பொதுப்பெயர். இவை ஈரலைக் காக்கும் என்னும் எண்ணம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் மருத்துவன் அல்லன், வரலாறு கற்பிப்பவன். ஆயினும் ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தவன் அதன் விளம்பரத்தில் எளிதில் மயங்கான் என்பது என் துணிபு.

இக்கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜேர்மனியிலே தொடங்குகிறது. கிளவுஸ் சுவார்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், காரப் பொருளால் பதப்படுத்திய பாற்புரதத்தை எலிகளுக்கு உணவாகக் கொடுத்து வந்தார். வெளிப்பார்வைக்குக் குறையற்ற உணவே அது. ஆனால் அதை உண்ட எலிகளின் ஈரல் அழுகி, அவை மாண்டன. விற்றமின் ஈ கொடுக்கப்பட்ட எலிகளோ பிழைத்தன. இதனை அவர் 1944ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே ஆண்டில், எதிரணியில் நின்ற இங்கிலாந்திலும் ஹிம்ஸ்வேர்த், கிளின் என்னும் இருவர், உணவுக் குறையினாலேயே ஈரல் அழியக்கூடும் என்று எலிகளைக் கொண்டு காட்டினர். போர் இரு நாடுகளையும் பிரித்திருந்தபோதும் ஆராய்ச்சி இரண்டையும் ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

கந்தகம் அடங்கிய சிஸ்டீன் என்னும் அமினோவமிலமும் இந்த எலிகளைக் காத்தது. ஆகவே காவலர் இருவர் என்று கொள்ளப்பட்டது. 1949ஆம் ஆண்டு சுவார்ஸ் அமெரிக்காவின் பெதெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே ஒரு புதிர் எழுந்தது. ரொருலா என்னும் மதுவத்தை உண்ட எலிகளுக்கு நோய் வந்தது. பியர் வடிக்க உதவும் மதுவத்தை உண்டவற்றுக்கு வரவில்லை. ஆகவே பின்னைய மதுவத்தில் மூன்றாவது காவலர் ஒருவர் மறைந்திருத்தல் வேண்டும். பெயர் அறியாத அப்பொருளுக்கு "மூன்றாம் காரணி" என்றே பெயரிட்டுப் பன்றிச் சிறுநீரகத்திலிருந்து அதனைப் பிரித்தெடுக்க அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். இறுதியில் ஆராய்ச்சிக் கலத்திலிருந்து எழுந்த உள்ளிப்பூண்டு போன்ற மணமே துப்புக் கொடுத்தது. 1957ஆம் ஆண்டு அவரும் போல்ற்ஸ் என்பாரும் அம்மூன்றாம் காரணியின் உள்ளீடு செலீனியம் என்று அறிவித்தனர்.

இவ்வறிவிப்பு அன்றைய அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. ஏனெனில், 1817இல் சுவீடனின் பெர்சீலியஸ் கண்டறிந்து, சந்திரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்ட இச்செலீனியம், 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் மாடுகளையும் குதிரைகளையும் குளம்பு கழன்று நலிய வைத்த நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. நஞ்சென்று ஒதுக்கப்பட்ட ஒன்றே, மிக நுண்ணிய அளவில், உயிருக்கு இன்றியமையாதது என்று இப்போது தெரியவந்தது.

இம்மூன்று பொருள்களுக்கும் என்ன உறவு? அதன் விடை 1973இல் கிடைத்தது. ஒட்சிசனின்றி நாம் வாழ முடியாது. ஆனால் அதே ஒட்சிசன் உயிர்க்கலங்களிலுள்ள கொழுப்பைக் கெடுக்கவும் வல்லது. உடலின் பெரும் இரசாயனச் சாலையாகிய ஈரலில் இவ்வபாயம் மிகுதி. கலத்தின் மென்சவ்வில் விற்றமின் ஈ காவல் நிற்கிறது. சிஸ்டீனைக் கொண்டு ஈரல் குளுத்தாதயோன் என்னும் காப்புப் பொருளை ஆக்கிக்கொள்கிறது. அக்குளுத்தாதயோனைப் பயன்படுத்திக் கேடு செய்யும் பேரொட்சைட்டுகளை அழிக்கும் நொதியத்தின் நடுவிலே செலீனியம் அமர்ந்திருக்கிறது. ஆக, மூவரும் ஒரே கோட்டையின் காவலர்கள். எலிகளின் ஈரலை ஒருவர் இல்லாத வேளையில் மற்றவர் காத்தது இதனாலேயே.

இந்த அறிவு மனித உயிர்களையும் காத்தது. பரசிற்றமோல் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவரின் ஈரலில் குளுத்தாதயோன் தீர்ந்துபோகிறது. அதன்பின் ஈரல் அழிகிறது. 1970களில் எடின்பரோ மருத்துவர்கள், சிஸ்டீனின் வழிப்பொருளான அசற்றைல்சிஸ்டீனை ஊசி வழியாகச் செலுத்தினர். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடுகிறது. இன்றும் உலகெங்கும் இதுவே சிகிச்சை. சீனாவில், செலீனியம் வறண்ட மண்ணையுடைய பகுதிகளில் பிள்ளைகளின் இருதயத்தைத் தாக்கிய கேஷான் நோயும் 1970களில் செலீனிய உப்பு வில்லைகளால் தடுக்கப்பட்டது.

நேயர்களே, இவ்விரண்டு வெற்றிகளிலும் பொதுவாக இருந்தது ஒன்று: ஒரு குறை இருந்தது, அது நிரப்பப்பட்டது. ஆனால் வணிகம் இதனை வேறுவிதமாக விளங்கிக்கொண்டது. குறையைத் தீர்ப்பது நன்றாயின், நிறைவுக்கு மேலும் சேர்ப்பது இன்னும் நன்று என்ற எண்ணம் பரவியது. இதனைச் சோதிக்க 2001ஆம் ஆண்டு அமெரிக்கா முதலிய நாடுகளில் 35,000க்கு மேற்பட்ட ஆண்களிடையே ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. கொடுக்கப்பட்டவை சுவார்ஸின் அதே இரு பொருள்கள்: விற்றமின் ஈயும் செலீனியமும். புரொஸ்டேற் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. பயன் காணாமையால் 2008இல் வில்லைகள் நிறுத்தப்பட்டன. 2011இல் வெளியான கணக்கின்படி, விற்றமின் ஈ மட்டும் உண்டவர்களிடையே அப்புற்றுநோய் 17 வீதம் கூடியிருந்தது. 2008ஆம் ஆண்டிலேயே, குறிப்பிட்டதைவிட 200 மடங்கு செலீனியம் தவறுதலாகச் சேர்ந்த ஒரு திரவச் சத்துமருந்தை உண்டு, அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 201 பேர் முடி உதிர்ந்தும் நகம் சிதைந்தும் துன்புற்றனர். சமவெளி மாடுகளின் நோய் மனிதரைத் தேடிப் போத்தலில் வந்தது.

அப்படியாயின் இவ்வில்லைகளால் ஈரலுக்குப் பயனே இல்லையா? அவ்வாறு கூறுவதும் பொருந்தாது. 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மது காரணமாகவன்றிக் கொழுப்புப் படிந்து ஈரல் அழற்சியுற்ற 247 பேர் சேர்க்கப்பட்டனர். நாள்தோறும் 800 அலகு விற்றமின் ஈ 96 வாரம் உண்டவர்களுள் 43 வீதத்தினர் தேறினர். மருந்தற்ற வெறும் வில்லை உண்டவர்களுள் 19 வீதத்தினரே தேறினர். இது நற்செய்தி. ஆனால் அவர்கள் நீரிழிவு அற்றவர்கள்; ஈரல் சுருங்கி இறுகும் நிலையை எட்டாதவர்கள்; ஈரலின் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து நோய் உறுதிசெய்யப்பட்டவர்கள். ஈரலிலுள்ள தழும்பை விற்றமின் குறிப்பிடத்தக்க அளவில் ஆற்றவுமில்லை. சிலருக்கு, மருத்துவர் கண்பார்வையில், பயன், எல்லோருக்கும் அன்று.

நம் நாட்டுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தமை தெரியவந்தது. அவ்வாறு படிந்திருப்பதாக அறிந்தவர் முதலில் நாடுவது கடையிலுள்ள போத்தலாக இருந்தால், உடல் எடையைக் குறைத்தல், நடத்தல், நீரிழிவைக் கட்டுப்படுத்தல் ஆகிய உறுதியான வழிகள் பின்தள்ளப்படுகின்றன. காலமும் கழிகிறது; ஈரலோ நெடுநாள் வாய் திறவாத உறுப்பு.

ஆகவே, ஒரு குளிகையை வாங்குமுன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "எனக்கு என்ன குறை இருக்கிறது?" சுவார்ஸ் தம் எலிகளைப் பற்றிப் பதின்மூன்று ஆண்டுகள் கேட்ட கேள்வியும் அதுவே.