தோற்றவன் எப்படி ஆடினான்?

1974, ஜூலை 7. ம்யூனிக் நகரம். உலகக் கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி. மேற்கு ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் மோதல். ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் ஹாலந்துக்காரர்கள். பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். யோஹான் க்ரைஃப் திடீரென்று பாய்ந்தார். அவரைக் கீழே சாய்த்தார்கள். பெனால்டி... கோல்! அதுவரை ஒரு ஜெர்மன்காரரின் காலில்கூடப் பந்து படவில்லை. ஜெர்மன் கோல்கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்கியதுதான் அந்த அணி பந்தைத் தொட்ட முதல் தடவை!

கடைசியில் 2-1 என்று ஜெயித்தது என்னவோ ஜெர்மனிதான். 1978-லும் 2010-லும் ஹாலந்து மறுபடி இறுதிப்போட்டிவரை வந்தது. மறுபடி தோற்றது.

கால்பந்து ரசிகர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டாசெல்லாம் வெடித்து முடித்தபிறகு, டீக்கடையில் உட்கார்ந்து எதிரணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ‘சும்மா சொல்லக் கூடாதுப்பா, அவனுங்க டிஃபென்ஸ் அபாரம். ஆனா எங்கே கோட்டை விட்டாங்கன்னா...’ என்று அலசுவார்கள். ஜெயித்தவனைப் புகழ யாராலும் முடியும். தோற்றவனின் பலம், பலவீனம் இரண்டையும் சரியாக எடைபோடுவதற்குத்தான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சரித்திரம் படிக்கிற நாம் அதைச் செய்கிறோமா? சென்னையின் கதை என்றால் ஃபிரான்சிஸ் டே, செயின்ட் ஜார்ஜ் கோட்டை, 1639 என்று கடகடவென்று ஒப்பிக்கிறோம். தோற்ற அணி? சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் வடக்கே, ஏரிக்கரையில் படுத்துக்கிடக்கிறது. ஊர் பழவேற்காடு. அணியின் பெயர் வி.ஓ.சி.!

கப்பலோட்டிய தமிழன் நினைவுக்கு வருகிறாரா? இது வேறு வி.ஓ.சி. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பெயரிலுள்ள மூன்று வார்த்தைகளின் முதலெழுத்துகள். வாருங்கள், ரசிகர்களைப் போலவே நியாயமாக அலசுவோம்.

முதலில் பலம்.

1602-ல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது திரட்டிய முதலீடு சுமார் 64 லட்சம் கில்டர். ஒரு வருடத்துக்குச் சற்று மேல் முன்னதாகத் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பெனியின் ஆரம்ப முதலீட்டைப் போல அது கிட்டத்தட்ட எட்டு மடங்கு! இத்தனைக்கும் ஹாலந்தின் மொத்த ஜனத்தொகையே அப்போது இருபது லட்சத்தைத் தாண்டாது.

பணம் மட்டுமல்ல, மூளையும் இருந்தது. டச்சுக்காரர்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். ஆனால், அங்கே வெள்ளிக் காசை நீட்டினால் அவ்வளவாக மதிப்பில்லை. ‘துணி கொண்டா’ என்றார்கள் தீவுக்காரர்கள். எந்தத் துணி? சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்து, சாயம் தோய்த்த துணி! ‘மொலுக்கஸ் தீவுகளுக்குச் சோழமண்டலம்தான் இடது கை’ என்ற அர்த்தத்தில் 1612-லேயே எழுதினார், ஹெண்ட்ரிக் ப்ரூவர் என்ற டச்சு அதிகாரி. இங்கே துணி வாங்கு, அங்கே கொடுத்து மசாலா வாங்கு, அதை ஐரோப்பாவில் விற்று லாபம் பார்! பந்தை மூன்று பேர் மாற்றி மாற்றித் தட்டி கோல் போடுகிற அதே டெக்னிக்.

அந்தத் துணிக்குப் பேர்போன துறைமுகம் பழவேற்காடு. போர்த்துக்கீசியர்கள் 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே வந்துவிட்டார்கள். பிறகு அவர்களின் முக்கியத் தளம் சாந்தோம் ஆனது. 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி, டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கடைவிரித்தார்கள். சாந்தோம்காரர்களுக்குப் பொறுக்குமா? 1612-ல் படையோடு வந்து டச்சுப் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். டச்சுக்காரர்கள் ஓடிப்போகவில்லை. அடுத்த வருடமே ஒரு கோட்டை எழும்பியது. அங்கே தலைமை அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்கெம், தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். கெல்ட்ரியா கோட்டை!

அதன்பிறகு ஆட்டம் அவர்கள் கையில். நாணயம் அடித்தார்கள். வெடிமருந்து ஆலை வைத்து, பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வெடிமருந்து அனுப்பினார்கள். 1616-லிருந்து சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் பழவேற்காடுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1630-களில் அங்கே பாதிரியாராக இருந்த ஆப்ரஹாம் ரோஜெரியஸ், பத்மநாபா என்ற பிராமணரிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, நம் சமய வழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களின் மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. அவர் இறந்தபிறகு, 1651-ல் அது வெளிவந்தது. தலைப்பில் இருந்த முக்கியமான வார்த்தை, ‘திறந்த கதவு’.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதிரியாருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனிக்குக் கதவைச் சாத்துவதுதான் தொழில்! பலவீனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1611, ஆகஸ்ட். ‘க்ளோப்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் பழவேற்காட்டுக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சியது. ‘நாங்களும் வியாபாரம் பண்ணிக்கிறோமே’ என்று கேட்டார்கள். ‘எங்கள் இளவரசரின் சீட்டு இல்லாமல் எந்த ஐரோப்பியனும் இங்கே வியாபாரம் செய்ய முடியாது. ராஜாவே எங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்’ என்று கையை விரித்தார் டச்சு அதிகாரி. கெஞ்சிப் பார்த்தும் பலிக்கவில்லை. கப்பல் வடக்கே போய்விட்டது. இதில் ஒரு தமாஷ்... அந்தக் கப்பலில் வியாபாரப் பொறுப்பில் வந்த பீட்டர் ஃப்ளோரிஸ் என்பவரே ஒரு டச்சுக்காரர்தான். கட்சி மாறி இந்தப் பக்கம் ஆடியவர்!

பிறகு ஐரோப்பாவில் இரண்டு கம்பெனிகளுக்கும் சமரசம் ஏற்பட்டது. அதன்படி 1621-ல் ஆங்கிலேயர்களைப் பழவேற்காட்டுக்குள் விட்டார்கள். கோட்டைக் காவல் செலவில் பாதியை ஆங்கிலேயர் தர வேண்டும், வியாபாரத்தில் பங்கு உண்டு என்று ஏற்பாடு. ம்ஹூம், ஒத்துவரவில்லை. 1623-ல் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அதே வருடம் அம்போன் தீவில் பத்து ஆங்கிலேயர்களைச் சதிக்குற்றம் சாட்டி, சித்திரவதை செய்து, தலையை வெட்டிவிட்டார்கள் டச்சுக்காரர்கள்.

அன்றைய ஸ்கோர்போர்டைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘டச்சு அணி ஜெயிச்சாச்சு, எழுந்து போலாம் வாங்க’ என்றுதானே?

துரத்தப்பட்ட ஆங்கிலேயர்கள் 1626-ல் அதே ஏரியின் வடக்குப் பக்கத்தில், துர்காராயப்பட்டினத்தில் ஒதுங்கினார்கள். அங்கே நல்ல துணி கிடைக்கவில்லை. 1639-ல் தெற்கே வந்து, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் ஒரு மணல் திட்டை வாங்கினார்கள். அதுதான் மதராஸ்!

‘மதராஸ் நல்ல துறைமுகம், பழவேற்காட்டில் மணல் அடைப்பு, அதனால் டச்சுக்காரன் தோத்தான்’ என்று சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மதராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில் அலைகளோடு மல்லுக்கட்டித்தான் கரைக்கு வரவேண்டும். மைதானம் இரண்டு பேருக்கும் மோசம்தான். மைதானத்தைக் குறைசொல்லிப் பிரயோஜனம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது, யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. கைவசம் ஒன்றும் இல்லாத ஆங்கிலேயர்களோ, யாராவது வந்தால் தேவலை என்ற நிலையில் இருந்தார்கள். நெசவாளர்களுக்கு வரிச்சலுகை காட்டிக் கூப்பிட்டார்கள். சாந்தோம் போர்த்துக்கீசியர்களையும் கூப்பிட்டார்கள். தெலுங்கு வணிகர்கள், ஆர்மீனியர்கள், யூதர்கள் என்று ஊர் நிறைந்தது. 1688-ல் மதராஸுக்கு ஒரு மாநகராட்சி வந்தபோது, மற்ற ஐரோப்பியர்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும்கூட அதில் இடம் ஒதுக்கினார்கள். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான வியாபாரக் கணக்கு! ஓரிரு வருடத்தில், 1690 வாக்கில், டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர்களிடம் உள்ளூர் வணிகர்கள் இல்லாமல் இல்லை. ‘மலயா’ என்று ஐரோப்பியர்கள் அழைத்த அச்சுதப்ப செட்டியும், அவர் தம்பி சின்னண்ண செட்டியும் டச்சு வியாபாரத்துக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள். சொந்தக் கப்பல் வைத்திருந்தவர்கள். அரசியலிலும் புகுந்து விளையாடியவர்கள். ஆனால், டச்சுக் கம்பெனியின் புத்தி மாறவில்லை. விலை நாங்கள் சொல்வதுதான், வழி நாங்கள் விடுவதுதான், உத்தரவு பத்தாவியாவிலிருந்து வருவதுதான்!

சொந்த ஆட்களிடமும் அதே கதைதான். ஊழியர்கள் தனியாக வியாபாரம் செய்யக் கூடாது என்று டச்சுக் கம்பெனி கறாராகத் தடை போட்டது. அவர்கள் சும்மா இருந்தார்களா? திருட்டுத்தனமாகச் செய்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனி 1660, 70-களில் ‘ஆசியாவுக்குள் நீயே வியாபாரம் செய்து சம்பாதித்துக்கொள்’ என்று ஆட்களுக்குக் கயிற்றைத் தளர்த்திவிட்டது. அப்படிச் சம்பாதித்த மதராஸ் கவர்னர் எலிஹு யேலின் பெயரில்தான் அமெரிக்காவில் இன்று யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நேர்மை என்று பார்த்தால் இரண்டு அணியும் ஃபவுல் ஆட்டம்தான். ஒருவன் திருட்டுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தான், மற்றவன் கண்ணை மூடிக்கொண்டான். டச்சுக் கம்பெனி 1799 கடைசியில் இழுத்து மூடப்பட்டபோது, அந்த மூன்று எழுத்துக்கும் ‘லஞ்சத்தால் அழிந்தது’ என்று டச்சுக்காரர்களே புது விளக்கம் சொல்லிச் சிரித்தார்கள்!

மீதிக் கதை வேகமாக முடிந்துவிடுகிறது. 1781-ல் ஆங்கிலேயர்கள் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் பிடித்தார்கள். சமாதானமாகிப் பழவேற்காட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடி பிடித்தார்கள். 1818-ல் மறுபடி கொடுத்தார்கள். 1824-ல் லண்டனில் ஒரு ஒப்பந்தம். அதன்படி 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயர் வசமானது. இடையில் கெல்ட்ரியா கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சமிருப்பது புதர் மண்டிய ஒரு மேடும் அகழியின் தடமும்தான். பக்கத்திலேயே டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன.

ஆக, தீர்ப்பு என்ன? டச்சு அணியின் பெரிய பலம், கதவைச் சாத்துவது. அந்த பலத்தால்தான் போர்த்துக்கீசியரையும், ஆரம்பத்தில் ஆங்கிலேயரையும் ஜெயித்தார்கள். சாத்திய கதவைத் திறக்கத் தெரியாமல் போனதுதான் பலவீனம். அடிபட்டு வெளியே போனவனோ வேறு ஆட்டம் கற்றுக்கொண்டான். ஜெயிக்கிற வித்தையே ஒருநாள் தோற்கடிக்கும் என்பது கால்பந்துக்கு மட்டுமான பாடமல்ல!

கொஞ்சம் பொறுங்கள். நல்ல ரசிகன் கேட்க மறந்துவிடுகிற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மைதானம் யாருடையது?

1618-லிருந்து சில வருடம் இந்தக் கரையில் மழை பொய்த்து, பஞ்சம். சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள் நம் ஜனங்கள். வாங்கிக் கப்பலேற்றியது டச்சுக் கம்பெனி. 1622-23-ல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து அடிமைகளாகப் போனவர்கள் சுமார் 1,900 பேர். சீட்டுக்கட்டு போல இரண்டு கம்பெனிகளும் ஊரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டபோது, அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த ஸ்கோர்போர்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

கோட்டை போனபிறகும் ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் கிராமம் இருக்கிறது. அங்கும் நடூர்க்குப்பம் போன்ற பக்கத்துக் குப்பங்களிலும் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறைவைத்துக் குலுக்கிப் போட்டுக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. குறையே இல்லாத ஏற்பாடு அல்ல. பாட்டு உரிமை இல்லாத மீனவர்களுக்கு அதன்மேல் கோபம் உண்டு, சண்டையும் நடந்திருக்கிறது. ஆனாலும், ஒருவனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறதே, அது 64 லட்சம் கில்டர் போட்ட கம்பெனிக்கு வராத எண்ணம்!

இப்போது தெற்கே காட்டுப்பள்ளியில் வேறு பெரிய அணி இறங்கியிருக்கிறது. அந்தத் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். கரையை அலை தின்னும், ஏரி கெடும் என்பது அவர்கள் பயம். இந்த முறையாவது யாராவது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும்.