தெரிசினோசாரஸ்: ஒரு நகம் பெற்ற பெயர்

'தெரிசினோசாரஸ்' என்ற டைனோசர் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆனது. முற்பகுதியில் இருப்பது 'தெரிசோ', அதாவது கதிரறுத்தல். அதன் வேர் கோடையைக் குறிக்கும் 'தெரோஸ்'. கிரேக்க நாட்டில் அறுவடை கோடையில் நடக்கும். அதனால் பருவத்தின் பெயரிலிருந்தே வேலையின் பெயரும் பிறந்தது. பிற்பகுதி 'சவ்ரோஸ்', பல்லி. ஆக, கதிரறுக்கும் பல்லி.

இப்பெயரைத் தந்தது நகம்தான். 1948இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில், நெமெக்ட் பாறைப் படிவில், சோவியத்–மங்கோலியக் குழுவுக்குச் சில நக எலும்புகள் கிடைத்தன. அரை மீட்டருக்கும் மேல் நீளம், பக்கவாட்டில் தட்டை, நுனி நோக்கி மெல்லக் கூம்பும் உரு. கொக்கிபோல் வளையாமல் ஏறக்குறைய நேராகவே நீண்டவை. கூடவே பட்டையான விலா எலும்புத் துண்டுகளும் இருந்தன. 1954இல் இவற்றுக்குப் பெயரிட்ட எவ்கெனி மலேயெவ், விலாவை வைத்து இது ஆமையை ஒத்த மாபெரும் ஊர்வன விலங்கு என்று முடிவுகட்டினார்; நகங்கள் கடற்பாசி அறுக்கப் பயன்பட்டிருக்கும் என்றார். சிற்றினப் பெயராக 'கெலோனிஃபார்மிஸ்', அதாவது 'ஆமை வடிவினது' என்று சூட்டினார்.

1970இல் அனதோலி ரோஷ்டெஸ்ட்வென்ஸ்கி அந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்தார். விலா எலும்பு நீள்கழுத்து டைனோசர் ஒன்றுடையது. நகம் தெரோபாட் என்னும் இருகால் டைனோசருடையது. 1976இல் ஆய்வாளர் பார்ஸ்போல்ட் விவரித்த தெரிசினோசாரஸின் கைகள் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம். 1993இல் சீனாவின் அல்க்சாசாரஸ் என்ற உறவின டைனோசர் விவரிக்கப்பட்டபோது, தெரிசினோசாரஸ் இலைதழை தின்னும் தெரோபாட் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது உறுதிப்பட்டது. ஆமைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளிவிட விலங்கியல் பெயரிடல் விதி இடம் தருவதில்லை.

தனியே கிடைத்த நகத்தை இனங்காண நீளமும் வளைவும் போதாது. விரலெலும்பு பொருந்தும் மூட்டுக் குழி, அதன் கீழே தசைநாண் பற்றும் மேடு, அருகில் கிடந்த எலும்பு அதே விலங்கினுடையதுதானா என்ற கேள்வி ஆகிய மூன்றும் வேண்டும். மலேயெவ் தடுமாறியது மூன்றாவதில். அறிவியல் பெயர் ஒன்றைப் படிக்கும்போது, அதைச் சூட்டியவர் கையில் அன்று எந்தெந்த எலும்பு இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுப் படியுங்கள்.