ஒருவர் வந்தார்: ஆங்கில ‘தே’யும் நன்னூல் விதியும்

பேத்தியின் பரீட்சைத் தாளில் ஒரு சிவப்புக் கோடு. மாணவர் ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எழுதியவள், ‘எவ்ரி ஸ்டூடண்ட்’ என்று ஒருமையில் தொடங்கி, ‘தேர் புக்’ என்று பன்மையில் முடித்திருந்தாள். ‘ஹிஸ்’ என்று திருத்தி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். “வகுப்புல பொண்ணுங்களும் இருக்கோமே தாத்தா, நான் எழுதினது தப்பா?” என்று கேட்டாள். அதற்கு விடை தேடியதில் கிடைத்ததை இங்கே தருகிறேன்.

ஒரே ஆளுக்குப் பன்மைச் சொல் வருவது ஆங்கிலத்துக்குப் புதிதல்ல. ‘யூ’ என்பதே ஆதியில் பன்மை. ஒருவரை அழைக்க ‘தௌ’ என்ற சொல் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள், நம்ம ‘நீர்’, ‘நீங்கள்’ மாதிரி. நாளடைவில் ‘தௌ’ பொது வழக்கிலிருந்து மறைந்தே போயிற்று. இன்றும் ஒரே ஆளிடம் ‘யூ ஆர்’ என்று பன்மை வினைதான் சொல்கிறோம். அதற்கு யாரும் கோடு போடுவதில்லை.

‘தே’யின் கதையும் அதுவே. ஆணா பெண்ணா என்று குறிப்பிடாத ஒருவருக்கு அது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கி வருகிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் அதைப் பிழையாக்கினார்கள். 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரியின் இலக்கணம் பள்ளிக்கூடங்களில் அதைப் பரப்பியது. சட்டமும் துணைக்கு வந்தது. 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று விதித்தது. நம் நாட்டு 1897-ஆம் வருட ஜெனரல் கிளாசஸ் ஆக்டின் 13-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காற்று பிறகு திரும்பியது. 2019-இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் எழுத்துநடைக் கையேட்டில் ஒருமைத் ‘தே’யை ஏற்றுக்கொண்டது.

நம்மிடம் இந்தச் சண்டையே இல்லை. ஒருவன் வந்தான், ஒருத்தி வந்தாள். ஆனால் ஒருவர் வந்தார். ‘ஒருவர்’ ஆண், பெண் இரண்டுக்கும் பொது, பன்மை வினை கொள்ளும் என்று சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் சூத்திரமே செய்து வைத்தார். சுமார் 800 வருடங்கள் ஆகின்றன. அவருக்கும் முன்பே தொல்காப்பியப் பெயரியல் அதைச் சொல்லிவிட்டது. ஊர்வழக்கைக் கேட்டு விதி செய்தவர்கள் நம் முன்னோர். விதியைச் செய்துவிட்டு வழக்கைத் திருத்தப் பார்த்தவர்கள் மர்ரி வகையினர்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். “அப்போ நான் தமிழ் மாதிரி யோசிச்சிருக்கேனா?” என்றாள். போன மார்க் போகட்டும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நன்னூலைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு ஏது?