பனித்தரையில் ஓர் அடியாள்

நம்ம சினிமாவுல வில்லன் பின்னாடி நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்களே, கவனிச்சிருக்கீங்களா? ஹீரோ ஒரு குத்து விட்டா பறந்து போய் காய்கறி வண்டி மேல விழுவாங்க. அதோட அவங்க கதை முடிஞ்சுது. அந்த ஆளோட வீடு எங்க இருக்கு, மறுநாள் காலைல கை வலிச்சுதான்னு எந்த இயக்குனரும் காட்டினதில்ல. இந்தப் பதிவு அந்த மாதிரி ஆளுங்களைப் பத்தி. ஒரே வித்தியாசம், இவங்க சம்பளம் வாங்கிக்கிட்டு நிஜமாவே அடிச்சவங்க, நிஜமாவே அடி வாங்கினவங்க.

விளையாட்டு, ஐஸ் ஹாக்கி. (ஓடாதீங்க மக்களே!)

பெரம்பலூர்க்காரனுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு நீங்க கேக்கறது காதுல விழுது. எங்க ஊர்ல ஐஸ்னா சைக்கிள் பெட்டியில வந்த குச்சி ஐஸ்தான். ஹாக்கியாவது பக்கத்துல உண்டு. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்டப்ப, ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து நான் ஒருத்தனே கத்தினேன்.

அந்த ஹாக்கியில எவனையாவது குத்தினா சிவப்பு அட்டை, கிளம்ப வேண்டியதுதான். கனடா, அமெரிக்காவுல ஆடற ஐஸ் ஹாக்கி அப்படி இல்ல. அங்க பெரிய தொழில்முறை லீக் என்.ஹெச்.எல். அதுல ரெண்டு பேர் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு குத்திக்கிட்டா, நடுவர்கள் கொஞ்ச நேரம் சுத்தி நின்னு பாப்பாங்க. ஒருத்தன் கீழ விழுந்ததும் பிரிச்சு விடுவாங்க. தண்டனை 5 நிமிஷம். ஓரமா இருக்கிற பெட்டியில உக்காந்துட்டு, திரும்ப வந்து ஆடலாம்.

விலை 5 நிமிஷம்தான்னா, அந்த விலையைக் கொடுக்கறதுக்குன்னே ஒரு ஆளை வச்சுக்கலாமே? அப்படி வந்தவர்தான் 'என்ஃபோர்சர்'. நம்ம பாஷையில அடியாள். நம்ம அணியோட நட்சத்திர ஆட்டக்காரரை எவனாவது முரட்டுத்தனமா இடிச்சா, இடிச்சவனைத் தேடிப் போய் கவனிக்கணும். அதான் வேலை. 1974, 1975 ரெண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பையை ஜெயிச்ச ஃபிலடெல்ஃபியா அணியில டேவ் ஷுல்ட்ஸ்னு ஒருத்தர் இருந்தார். 1974-75 சீசன்ல மட்டும் 472 நிமிஷம் தண்டனை வாங்கினார். இன்னிவரைக்கும் அதை யாரும் தாண்டல. வெய்ன் கிரெட்ஸ்கி (அவங்க ஊர் சச்சின்னு வச்சுக்கங்க) 1988ல எட்மன்டன் அணியில இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனப்ப, அவரோட மார்ட்டி மெக்சோர்லிங்கிற என்ஃபோர்சரும் சேர்ந்தே போனார். சாமி புறப்பாடுன்னா கூடவே காவலுக்கு ஆள் போகணும்ல!

இந்த வரிசைக்குக் கிட்டத்துல நம்ம நாட்டு வம்சத்துல வந்தவர் ஒருத்தரும் உண்டு. ராபின் பாவா, 1966ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல பொறந்த பஞ்சாபி. கேம்லூப்ஸ் ஜூனியர் அணிக்காக 1986-87 சீசன்ல 57 கோல் போட்டவர். இருந்தும் புது ஆட்டக்காரங்களை எடுக்கிற தேர்வுல எந்த என்.ஹெச்.எல். அணியும் அவர் பேரைச் சொல்லல. அப்புறம் வாஷிங்டன் அணி தனியா ஒப்பந்தம் போட்டுது. 1989ல களம் இறங்கினார், அந்த லீக்ல ஆடின முதல் இந்திய வம்சாவளி ஆள். ஆனா கோலால மேல வந்தவர் முரட்டு ஆட்டத்தால்தான் இடத்தைத் தக்க வச்சுக்க வேண்டியிருந்தது. 4 அணி, 61 ஆட்டம், மொத்தமே 6 கோல். மீதிக் காலமெல்லாம் கீழ்நிலை லீக்குகள்ல போச்சு. தலையில அடிபட்டு 1999ல ஆட்டத்தை விட்டார். தோல் நிறத்தை வச்சு வந்த வசவு தனிக்கணக்கு.

பாவா பொழச்சார். அதே பாதையில கடைசி வரைக்கும் போனவர் டெரெக் பூகார்ட்.

1982ல கனடாவோட சாஸ்கட்டூன்ல பொறந்தார். அப்பா போலீஸ்காரர், சின்னச் சின்ன ஊரா மாற்றல். எங்க போனாலும் வகுப்புலயே பெரிய உருவம் இவர்தான், கேலியும் இவருக்குத்தான். மெல்ஃபர்ட்ங்கிற ஊர்ல ஒரு ஆட்டத்துல கோபம் தலைக்கேறி, எதிரணி உக்காந்திருந்த பெஞ்சுக்குள்ளயே புகுந்து கண்டபடி கையை வீசினார். நம்ம ஊரா இருந்தா டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பாங்க. அன்னிக்கு ஆள் பாக்க வந்திருந்த ரெஜைனா ஜூனியர் அணிக்காரங்க இவரைத் தங்க பட்டியல்ல சேர்த்துக்கிட்டாங்க.

2001 தேர்வுல மினசோட்டா அணி 202ஆவது ஆளா எடுத்துது. 2005ல என்.ஹெச்.எல்.லுக்கே வந்துட்டார். ஆறடி ஏழு அங்குலம். 277 ஆட்டம், 3 கோல், 589 நிமிஷம் தண்டனை. ரெண்டாவது கோலுக்கும் மூணாவது கோலுக்கும் நடுவுல 234 ஆட்டம்! 2006ல டாட் ஃபெடோரக்னு இன்னொரு சண்டைக்காரரோட கன்ன எலும்பை ஒரே குத்துல நொறுக்கினார். உலோகத் தகடு வச்சுத்தான் அந்த முகத்தைச் சரி பண்ணினாங்க. அடுத்த வருஷம் அதே ஃபெடோரக் மினசோட்டாவுக்கு வந்து இவரோட ஒரே அணியில ஆடினார். பகையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, ரெண்டு பேருக்கும் அது ஆபீஸ் வேலை.

ஆனா அந்த வேலை உடம்புல கணக்கு எழுதிக்கிட்டே வந்துது. கை, முதுகு, மூக்கு, தோள்னு ஒவ்வொண்ணா. வலிக்கு மாத்திரை. அணி டாக்டர்கள் கொடுத்தது பத்தாம வெளியிலயும் வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சு, 2009ல போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார். 2010ல நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி 4 வருஷத்துக்கு 65 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துது. அதே வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி ஒட்டாவாவுல ஒரு சண்டையில முகத்துல விழுந்த குத்தோட அவர் ஆட்டம் முடிஞ்சுது. 2011 மே 13ஆம் தேதி மினியாபொலிஸ் வீட்டுல இறந்து கிடந்தார். மதுவும் வலி மாத்திரையும் கலந்ததால நேர்ந்த விபத்துன்னு சொன்னாங்க. வயசு 28. கிட்டத்தட்ட என் வயசு.

குடும்பம் அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொடுத்துது. சி.டி.இ. இருந்தது தெரிஞ்சுது. தலையில திரும்பத் திரும்ப அடி விழுந்தா, டௌங்கிற புரதம் மூளையில படிஞ்சு நரம்பு செல்களைச் சிதைக்கிற நோய் அது. மறதி, மனச்சோர்வு, எரிச்சல்னு காட்டும். இறந்தப்புறம் மூளையை அறுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதே 2011 ஆகஸ்ட்ல ரிக் ரிப்பியன், வேட் பெலாக்னு இன்னும் ரெண்டு சண்டை ஆட்டக்காரங்களும் போய்ச் சேர்ந்தாங்க. 2018ல என்.ஹெச்.எல். பழைய ஆட்டக்காரங்க 300க்கும் மேற்பட்டவங்களோட ஏறத்தாழ 1.9 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு, தப்பு எங்க மேலன்னு ஒத்துக்காமலேயே. இப்ப சண்டைக்குன்னே தனியா ஆள் வைக்கிற வழக்கம் கிட்டத்தட்ட ஒழிஞ்சு போச்சு. 5 நிமிஷ விதி மட்டும் அப்படியே இருக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பத்தாவது படிக்கும்போது எங்க ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல ஒருத்தன் இருந்தான். வாத்தியாரை விட உயரம். அவனுக்கு ஃபார்வர்டு ஆடணும்னு ஆசை, நல்லாவும் ஆடுவான். ஆனா உருவத்தைப் பாத்துட்டு எப்பவும் பின்னாடிதான் நிறுத்துவாங்க. ஒரு தடவை அரியலூர்ல மேட்ச். இடைவேளையில, "பந்தை விட்டுடு, அந்த ஏழாம் நம்பரை மட்டும் பாத்துக்க"ன்னு அவனுக்கு உத்தரவு. பாத்துக்கிட்டான். ஏழாம் நம்பர் பையனை நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. நாங்க ஜெயிச்சோம். பஸ்ல ஊர் வர்ற வரைக்கும் இவன் பேரைச் சொல்லிக் கத்தினோம். ஜன்னலோரமா உக்காந்து வெளியவே பாத்துக்கிட்டு வந்தான்.

இப்ப அவன் அரியலூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டறான். போன பொங்கலுக்கு டீக்கடையில பாத்தப்ப இந்த பூகார்ட் கதையைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, கிளாஸைக் கீழ வச்சான்.

"மாப்ள, அந்த ஏழாம் நம்பர் பையன் இப்ப எப்படி இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாதுடான்னேன். அவன் அப்பப்ப விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கானாம். நான் ஒரு நாள்கூட விசாரிச்சதில்ல. நான் கை தட்டினவன்தானே.