கல்வராயன் மலையும் கண்டம் தாண்டும் ரிப்பீட்டர்களும்

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் அன்றாட உள்ளூர்ப் பேச்சு பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. இவை ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்லும் அலைகள். மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழும். மலையே இல்லாத சமவெளியிலும் பூமியின் வளைவு அவற்றைச் சீக்கிரமே மறைத்துவிடும். கையடக்கக் கருவியிலிருந்து கிளம்பும் 5 வாட் குரலுக்கு ஊர் எல்லையைத் தாண்டுவதே பெரும்பாடு. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் நிற்கும் அந்த நிலையம் ஓர் அதிர்வெண்ணில் குரலைக் கேட்கும். கேட்கும்போதே 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அதிர்வெண்ணில், கூடுதல் திறனுடன் திருப்பி அனுப்பும். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் ஜென்ட்ரி என்ற ஹாம் இயக்கிய கே6எம்ஒய்கே, இவ்வகை நிலையங்களில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ரிப்பீட்டருக்கு மலை வேண்டும். மலை இருந்தால் மட்டும் போதாது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். கள்ளக்குறிச்சி இதற்கு நல்ல சான்று. ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் சேர்வராயன் மலைமீது 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் ஓர் ஆன்டெனா நின்றால், அதன் வானொலி அடிவானம் கணக்குப்படி 160 கிலோமீட்டர். அப்படியானால் கள்ளக்குறிச்சியில் அது தெளிவாகக் கேட்க வேண்டும். ஆனால் நடுவே கல்வராயன் மலை நிற்கிறது. ஏற்காட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இழுக்கும் நேர்கோடு, கல்வராயனை எட்டும்போது 500 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். மலையின் மேட்டுநிலமோ 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. எனவே மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கத்து ஊர்கள் நிழலில் மாட்டிக்கொள்கின்றன. அலைகள் முகடுகளில் ஓரளவு வளைந்து இறங்கும் என்பதால் முழு இருட்டு என்று சொல்ல முடியாது; கையடக்கக் கருவியை நம்பி உட்கார முடியாது என்று சொல்லலாம்.

அதே மலையை மறுபக்கமிருந்து பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. கல்வராயனில் 3,000 அடி உயரத்திலிருந்து வானொலி அடிவானம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கிழக்கே விழுப்புரமும் கடலூரும் புதுச்சேரியும், வடக்கே திருவண்ணாமலையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. கோடை பண்பலை பல மாவட்டங்களில் கேட்டதற்கும் காரணம் இதே கணக்குத்தான்: கொடைக்கானலின் உயரம். ஆனால் உயரத்தோடு பாதையும் மின்சாரமும் வேண்டும். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் மின்கம்பியும் தாமதமாக ஏறிய மலை அது. மலைமேல் உள்ள வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களுக்குச் செல்போன் கோபுரங்கள் வந்ததும் அதே தாமதத்தோடுதான்.

இந்தியாவில் ஹாம் ரேடியோ தொடங்கிய காலத்தில் ரிப்பீட்டர் என்ற பேச்சே இல்லை. 1921-இல் அமரேந்திர சந்திர குப்து 2ஜேகே என்ற அழைப்புக்குறியுடன் நாட்டின் முதல் ஹாம் ஆனார். அதே ஆண்டிலேயே முகுல் போஸ் 2எச்கியூ என்ற குறியுடன் வந்து சேர்ந்தார். சென்னையில் 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் உருவாகி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அது ஒலிபரப்புக்கான கிளப்தான், ஹாம்களுக்கானதன்று. ஆயினும் ஆர்வலர்கள் காசு சேர்த்து டிரான்ஸ்மிட்டர் வைத்த அந்த மரபைத் தமிழக வானொலி வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வதில் தவறில்லை. பணத் தட்டுப்பாட்டால் 1927-இல் கிளப் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெச்சூர் வானொலி தடைசெய்யப்பட்டது. போருக்குப் பின் வந்தவர்கள் ராணுவக் கழிவுச் சந்தையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு தாங்களே கருவி கட்டினார்கள். அவர்கள் பேசியது சிற்றலையில். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அந்த அலைக்கு மலையும் இல்லை, நாட்டெல்லையும் இல்லை. வெயிலும் பருவமும் சூரியப் புள்ளிகளும் அனுமதிக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. 1984-இல் அமெச்சூர் கருவிகளுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்ட பிறகு வெளிநாட்டுக் கருவிகள் எளிதாக வரத் தொடங்கின.

ரிப்பீட்டரின் எல்லையை உடைத்தது இணையம். 1997-இல் கனடாவின் வான்கூவரில் டேவ் கேமரன் தொடங்கிய ஐஆர்எல்பி, ரிப்பீட்டர்களை இணையம் வழியே இணைத்தது. முதலில் விண்டோஸ் கணினியில் ஓடிய அந்த இணைப்பு அடிக்கடி அறுந்தது. லினக்ஸுக்கு மாறிய பிறகே நிலைபெற்றது. வேலை செய்யும் முறை எளியது. ரிப்பீட்டரோடு ஒரு கணினி பொருத்தப்படும். ஹாம் தன் கருவியின் எண் பொத்தான்களை அழுத்தி, தொலைவில் உள்ள நிலையத்தின் எண்ணை அனுப்புவார். கணினி அந்த நிலையத்தை இணையத்தில் அழைக்கும். இங்கே பேசிய குரல் தரவுப் பொட்டலங்களாக மாறி அங்கே போய் மீண்டும் வானொலி அலையாகும். ஐஆர்எல்பியில் இரு முனையிலும் வானொலி இருந்தே தீர வேண்டும். கணினி முன் உட்கார்ந்து மைக்கில் பேசி நுழைய வழி இல்லை.

2002-இல் அமெரிக்காவின் ஜொனதன் டெய்லர் எழுதிய எக்கோலிங்க் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இங்கிலாந்தின் கிரேம் பார்ன்ஸ் உருவாக்கியிருந்த ஐலிங்கின் வழியில் வந்த இம்மென்பொருளில், உரிமம் பெற்ற ஹாம் கணினியிலிருந்தே, பின்னாளில் செல்போனிலிருந்தே, அதில் இணைந்துள்ள உலகின் எந்த ரிப்பீட்டருக்குள்ளும் நுழையலாம். செல்பேசி உலகின் ஜிஎஸ்எம் குரல் சுருக்கத்தையே அது பயன்படுத்தியது. நொடிக்கு 13 கிலோபிட் போதும் என்பதால், தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டு இணைந்த டயல்-அப் காலத்திலும் அது ஓடியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்த இந்தியாவுக்கு இந்தச் சிக்கனம் பொருந்தியது. பதிவு செய்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், 151 நாடுகளில் என எக்கோலிங்க் சொல்கிறது. கருவியே இல்லாமல் இரண்டு செல்போன்கள் பேசிக்கொள்வது ஹாம் ரேடியோவா என்ற சண்டை அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. சண்டையில் நியாயம் உண்டு. ஒரு முனையிலாவது ஆன்டெனா இல்லையென்றால், அதற்கும் சாதாரண இணையத் தொலைபேசிக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை.

இணைய இணைப்பின் வரம்பு எங்கே என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஹாம்களோடு பேசுவதற்காக அந்தமான் சென்றவர்கள் அவர்கள். சுனாமியில் தொலைபேசி துண்டானதும் அவர்களது சிற்றலை நிலையமே தீவுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி கடத்தியது. அலையை ஏந்திச் செல்ல அன்று கம்பியோ சர்வரோ தேவைப்படவில்லை. கம்பி போன இடத்தில் எக்கோலிங்கும் போயிருக்கும்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட் இன்னொரு வழியைக் காட்டியது. 42.5 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் 2014 வரை ஹாம்களின் குரலை வானிலிருந்து மறுபரப்பியது. தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களுக்குக் கல்வராயன் நிழல் ஊர்களையும் அது மற்ற ஊர்களைப் போலவே எட்டியது.

தரையில் இணையவழி இணைப்பு முறைகளும் வேகமாகப் பெருகின: ஜிம் டிக்சனின் ஆல்ஸ்டார், ஜப்பானியர்களின் டி-ஸ்டார், டிஎம்ஆர் வலைப்பின்னல்கள். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் பொருத்தும் ஹாட்ஸ்பாட், மேசைமேல் வைக்கும் குட்டி நிலையமாகிவிட்டது. சில மில்லிவாட் திறனில் வீட்டுக்குள் பேசி, வீட்டு இணையம் வழியே டோக்கியோவை எட்டலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து ஜப்பானுக்குப் பேச இன்று மலை தடையில்லை. மலைக்கு அப்பால் இருப்பவரிடம் இணையமின்றிப் பேசத்தான் தடை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாளில் பயன்படக்கூடியது பேட்டரியில் ஓடும் மலையுச்சி ரிப்பீட்டர். இணையம் அதற்குக் கூடுதல் வாலாக இருக்கலாம், முதுகெலும்பாக இருக்க முடியாது.

இதில் இறங்க விரும்புவோர் மத்திய தகவல் தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். 12 வயது நிறைந்திருந்தால் போதும். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு இல்லை. எக்கோலிங்க் பதிவுக்கும் அந்த உரிமத்தின் நகலையே கேட்பார்கள். ரிப்பீட்டர் நிறுவத் தனி அனுமதி பெற வேண்டும்.