கேன்சர் மருந்து சிலருக்கு மட்டும் வேலை செய்வது ஏன்? குடல் பாக்டீரியாவும் ஒரு காரணம்!

ஒரே கேன்சர், ஒரே மருந்து. ஒருவருக்கு கட்டி சுருங்குகிறது, இன்னொருவருக்கு அசைவே இல்லை. ஏன்?

இம்யூனோதெரபி மருந்துகள் நோய் எதிர்ப்பு செல்களுக்குப் போடப்பட்டிருக்கும் 'பிரேக்கை' எடுத்துவிடும். அந்த செல்களைப் பழக்குவதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு.

பாரிஸின் குஸ்தாவ் ரூசி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு மருந்தின் பலன் குறைந்திருந்தது. பலன் கிடைத்தவர்களின் குடலில் 'அக்கர்மான்சியா' பாக்டீரியா அதிகம் தென்பட்டது.

அடுத்தது கேட்க கொஞ்சம் அருவருப்பாக இருக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், மருந்து நன்றாகக் கேட்டவர்களின் மலத்தை எடுத்துப் பதப்படுத்தி, மருந்தே கேட்காத 15 மெலனோமா தோல் புற்றுநோயாளிகளின் குடலுக்குள் செலுத்தினார்கள். கூடவே இம்யூனோதெரபி. 6 பேருக்கு பலன் தெரிந்தது! 2021-ல் முடிவுகள் வெளியாகின.

அப்போ கடையில் புரோபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா? அவசரப்பட வேண்டாம். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் ஆய்வில் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கே சிகிச்சை நன்றாகக் கேட்டது. புரோபயாடிக் கொடுத்த எலிகளுக்கோ பலன் குறைந்தது.

சிகிச்சையில் இருப்பவர்கள் சளி, காய்ச்சலுக்குத் தாங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக்கூடாது. அதேநேரம், நோய்த்தொற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததை பயந்துபோய் நிறுத்துவதும் ஆபத்து.